காரல் மீன் போட்ட ஞாயிற்றுக்கிழமை

விடுதிச் சமையற்கட்டுக்கு நான் வேலை தேடிப் போகவில்லை. அரிசி லாரியில் கிளீனராகப் போனேன். மூட்டைகளை இறக்கி முடித்ததும் சமையல் மாஸ்டர் ஒரு தட்டில் சோறு போட்டு, ரசத்தை ஊற்றினார். சாப்பிட்டு எழுந்து, லாரிக்காரரிடம் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் பெரிய வருத்தமில்லை. முந்தின நாள்தான் டீசல் மூடியைத் தொலைத்திருந்தேன்.

அதற்கு முன்னால் திருப்பூரில் பனியன் மடித்தேன். நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கிற ஒரு கிரஷரில் ஆறு மாதம் இருந்தேன், இருமல் வந்தது, கிளம்பிவிட்டேன். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் இரண்டு வருடம். ஒரே இடத்தில் நான் அதிகம் இருந்தது அங்கேதான். படிப்பு ஒன்பதாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியை யாரும் கேட்டதில்லை.

புதுக்கோட்டைக்கு வெளியே, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு கல்லூரியின் ஆண்கள் விடுதி அது. நூற்றைம்பது பையன்கள். நான் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கும் வெங்காயச் சாக்குக்கும் நடுவில் படுத்துக்கொண்டேன். எலி உண்டு. ஆனால் ஃபேன் இருந்தது. ஃபேனுக்குக் கீழே நான் படுத்த இடங்கள் அதிகமில்லை.

அங்கே காலை என்பது வாளிச் சத்தம். குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும் என்பதால் ஆளுக்கு முன்னால் வாளி வரிசையில் நிற்கும். பிறகு மாடிக் கம்பியில் நூற்றைம்பது ஈரத் துண்டுகள். ஒரு அறைக்கு நாலு பேர், ஒரே ஒரு சார்ஜ் போடுகிற பிளக். அதில் ஒருவன் கொண்டுவந்து மாட்டிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பத்து வயர் தொங்கும். செவ்வாய்க்கிழமை முட்டை, ஞாயிற்றுக்கிழமை கோழி. மற்ற நாட்களில் சாம்பார். சாம்பாரைப் போட்டோ எடுத்து விடுதிக் குரூப்பில் போடுவது ஒரு பொழுதுபோக்கு. ஒரு நாள் ஒருவன், "மாஸ்டர் பாத்திரம் கழுவிட்டார், தண்ணிய மட்டும் கீழ ஊத்த மறந்துட்டார்" என்று எழுதியிருந்தானாம். மாஸ்டரிடம் அதை யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள். மறுநாள் சாம்பாரில் கரண்டி நின்றது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நேரத்தில் ஐம்பது பேர்தான் உட்கார முடியும். அதனால் மூன்று பந்தி. அடுத்த பந்திக்காரன் தன் தட்டோடு வந்து, உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வான். பின்னால் ஆள் நிற்பது தெரிந்தால் முன்னால் இருக்கிறவன் தானாகவே வேகமாகச் சாப்பிடுவான். கால் மணி நேரத்துக்கு ஒரு பந்தி எழுந்துவிடும். யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் பார்த்துப் பழகியதை அப்படியே செய்தார்கள்.

மெஸ்ஸைப் பையன்களே நடத்தினார்கள். காய்கறி வாங்குவது, மெனு போடுவது எல்லாம் அவர்கள் கமிட்டி. பரிமாற ஐந்து மாணவர்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுக் கட்டணம் கிடையாது. அந்த ஐந்து பேரில் ஒருவன் ஜெகதாப்பட்டினத்துப் பையன், வேதியியல் மூன்றாம் வருடம். எல்லாரும் அவனைக் கடல்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் ஐஸ் கம்பெனியில் இருந்தவன் என்று தெரிந்ததும், "எந்தக் கம்பெனிண்ணே, பாலத்துக்கு அங்கிட்டா இங்கிட்டா?" என்று கேட்டு என்னோடு ஒட்டிக்கொண்டான்.

அவன் அப்பா வேலை பார்த்த படகை ஒரு தடவை எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலு மாதம் கழித்து ஆட்கள் திரும்பி வந்தார்கள், படகு வரவில்லை. இப்போது அவர் வேறொருவர் படகில் போகிறார். வீட்டிலிருந்து கட்டணம் வர வழியில்லை. பரிமாறுகிற வேலை இருக்கிறவரை அவன் படிப்பான், இல்லாவிட்டால் அவனும் படகேற வேண்டியதுதான். இதை அவன் என்னிடம் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னான். துருவலைப் பார்த்துத் துருவச் சொன்னேன், ஓடும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். மெஸ்ஸை என்னிடம் விடுங்கள், வாரம் இரண்டு நாள் பரோட்டா, காலிஃபிளவர் சில்லி என்று மெனு அட்டையை அச்சடித்தே கொண்டுவந்துவிட்டார். சமையல் ஆட்கள், பரிமாறுகிற ஆட்கள் எல்லாம் அவருடையவர்கள். சாம்பார் போட்டோக்களால் நொந்துபோயிருந்த வார்டன், "நானா முடிவு பண்ணல. வர்ற ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் கை தூக்குங்க. கான்ட்ராக்டா, நீங்களேவா, சொல்லுங்க" என்றார்.

மாஸ்டர் அன்று மாலையே தன் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தார். எனக்கு அதில் கவலை ஒன்றுமில்லை, நான் எங்கே வேண்டுமானாலும் போகிறவன். கடல்காரன்தான் இரண்டு நாள் பரிமாறி முடித்ததும் வாளியை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் சமையற்கட்டுக்கு வந்து, "மாஸ்டர், ஞாயித்துக்கிழமை கோழி வேணாம். மீன் போடுவோம். எங்க ஊரு மீனு. தின்னவன் ஒருத்தன்கூட கான்ட்ராக்டுக்குக் கை தூக்க மாட்டான்" என்றான்.

"நூத்தம்பது பேத்துக்கு மீனா? யாருடா கழுவுறது?" என்றார் மாஸ்டர்.

"எங்க அம்மா கரையில மீன் வெட்டுற எடத்துலதான் இருக்கு. நாலு பேரச் சேத்து வெட்டிக் குடுத்துரும். ஐஸ் போட்டு எடுத்தாரதுக்கு அண்ணன் இருக்காரு."

"இவனா? இவன் உப்ப எடுத்தாடான்னா வெல்லத்த எடுத்தாரவன்."

"ஐஸ்ல மட்டும் கில்லாடி மாஸ்டர்" என்றேன். அது உண்மை.

ஞாயிறு விடியலில் காய்கறி வண்டியை எடுத்துக்கொண்டு அறந்தாங்கி வழியாகப் போனோம். சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் வந்து கட்டியிருந்தன. கடல்காரன் வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கி, படகுகளின் நம்பரைப் பார்த்துக்கொண்டே ஓடினான். அவன் அப்பா போன படகு வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மீனைப் பார்க்கத் திரும்பினான்.

பெரிய மீனெல்லாம் வியாபாரிகள் பெட்டிக்குப் போய்விட்டது. மிச்சமிருந்ததில் காரல் நிறைய, பளபளவென்று உள்ளங்கை அகலத்தில். "இதுதாண்ணே வேணும். கொழம்புல காரல அடிக்க வேற மீனு கெடயாது" என்றான். நானும் சரி என்றேன். ஐஸ் கம்பெனியில் இருந்த இரண்டு வருடமும் எனக்கும் அதுதான் சாப்பாடு. எங்கள் இரண்டு பேருக்குமே அதில் முள் இருக்கிறது என்பது நினைவுக்கு வரவில்லை. அவனுக்குப் பல் முளைத்ததிலிருந்து தின்கிற மீன். அதில் முள் இருப்பது, சோற்றில் பருக்கை இருப்பது மாதிரி.

அவன் அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் பேசிக்கொண்டே வெட்டித் தள்ளினார்கள். நான் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று பெட்டிகளில் போட்டேன். அந்த அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் போடுறீங்க தம்பி. எங்கிட்டு வேல பாத்தீக?" என்றார். சொன்னேன். "அந்தக் கம்பெனியா? அவன் ஐஸ்ல பாதி தண்ணியாவுல்ல இருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்த பெண். ஐஸ் என்றால் தண்ணீர்தானே என்று நான் சொல்லவில்லை. கையில் அரிவாள்மனை வைத்திருந்தார்.

குழம்பு நன்றாகவே வந்தது. மாஸ்டர் புளியைக் கொஞ்சம் கூட விட்டு, மாங்காய் போட்டு இறக்கினார். வாசனைக்கே முதல் பந்தி மணி அடிக்குமுன் வந்து உட்கார்ந்துவிட்டது. வார்டனும் அன்று முதல் பந்தியில் உட்கார்ந்தார். கடல்காரன் குழம்பு வாளியோடு வரிசையில் வந்தான், ஆளுக்கு மூன்று மீன்.

ஐந்து நிமிடத்தில் கூடம் அமைதியாகிவிட்டது. ருசியில் வந்த அமைதி என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாரும் தட்டில் குனிந்து, வாட்ச் ரிப்பேர் செய்கிற மாதிரி, விரல் நுனியால் மீனைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். விராலிமலைப் பக்கம், இலுப்பூர்ப் பக்கம், கறம்பக்குடிப் பக்கம் இருந்து வந்த பையன்கள். குளத்து மீனும் கோழியும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

"டேய் கடல்காரா, இது மீனா, ஊசி டப்பாவா?" என்றான் விராலிமலைக்காரன் ஒருவன். முதல் பந்தியை எப்போதும் விடாதவன்.

"காரலுடா. ரொம்பச் சத்து. எங்க ஊர்ல புள்ள பெத்தவங்களுக்குக் குடுப்போம்."

"இங்க யாருக்குடா புள்ள பொறந்துருக்கு? வார்டன் சாருக்கா?"

வார்டன் நிமிரவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கால் மணி ஆனது, அரை மணி ஆனது. ஒருவனும் எழவில்லை. முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் தட்டோடு நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் வராண்டாவில் மூன்றாம் பந்தி. தட்டில் தாளம் போட ஆரம்பித்தார்கள். பின்னால் ஆள் நிற்கிற அவசரத்தில் ஒருவன் முள்ளோடு விழுங்கி, கண்ணில் நீர் வர இருமினான். நான் ஓடிப்போய் வெறும் சோற்றை உருட்டி விழுங்க வைத்தேன். இறங்கிவிட்டது.

மாஸ்டர் சமையற்கட்டு வாசலில் நின்று, "பொட்டியக் கட்டிற வேண்டியதுதான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

கடல்காரன் வாளியைத் தரையில் வைத்தான். பிறகு வரிசைக்குள் போய், வார்டனுக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தான். "சார், மன்னிச்சுக்கங்க. ஒன்ன மட்டும் குடுங்க" என்று அவர் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்தான். "தலையக் கிள்ளிருங்க. ஓரத்து முள்ள இப்பிடி ரெண்டு பக்கமும் உருவிருங்க. இப்ப வால அமுக்கிப் புடிச்சு, சதைய மேலாக்க தள்ளுங்க. நடு முள்ளு சீப்பு மாதிரி தனியா நிக்கும் பாருங்க." நின்றது. வார்டன் அடுத்த மீனைத் தானே செய்தார், பாதி வந்தது. கடல்காரன் அடுத்த ஆளுக்கு நகர்ந்தான். எதிர் வரிசைக்கு நான் போனேன்.

முதல் பந்தி எழ முக்கால் மணி நேரம் ஆனது. சோறு ஆறி, கோபத்தோடுதான் எழுந்தார்கள். ஆனால் அவ்வளவு நேரமும் முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் வேறு வேலையில்லாமல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்களே, அவர்களுக்கு அந்த வித்தை வந்துவிட்டது. இரண்டாம் பந்தி உட்கார்ந்ததும் தலையைக் கிள்ளினார்கள், உருவினார்கள், இருபது நிமிடத்தில் எழுந்தார்கள். மூன்றாம் பந்தி அதையும் பார்த்திருந்தது. அவர்கள் இன்னும் இரண்டு மீன் கேட்டார்கள். ஒருவன் முழுச் சீப்பு முள்ளைத் தூக்கிக் காட்டி, "ஒடயாம எடுத்தேன் பாரு" என்றான். யார் முழுசாக எடுப்பது என்று போட்டியே வந்துவிட்டது.

பிறகு வார்டன் மேசைக்குப் பக்கத்தில் நின்று கை தூக்கச் சொன்னார். கான்ட்ராக்டுக்கு என்றதும் முதல் பந்தி ஏறக்குறைய மொத்தமாகத் தூக்கியது. அப்புறம் இரண்டாம் பந்தியில் ஒரு பாதி. நான் எண்ணவில்லை. கடல்காரனும் எண்ணவில்லை, எச்சில் துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான். அதில் தண்ணீரே இல்லை. நாங்களே நடத்துகிறோம் என்பதற்கு இரண்டாம் பந்தியில் மீதிப் பாதியும் மூன்றாம் பந்தி முழுதும் தூக்கின. பரிமாறுகிறவர்களுக்கும் கை உண்டு. வார்டன் இரண்டு தடவை எண்ணினார். ஏழு கை அதிகம்.

"சரி, மெஸ்ஸு ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். கான்ட்ராக்டரின் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஆனா இந்த மீனு இனிமே வேணாம். நோட்டுல எழுதிக்கங்க."

"சரிங்க சார்" என்றான் கடல்காரன், உடனே. மூன்றாம் பந்தியில் இரண்டு பேர் ஊளையிட்டார்கள்.

"ஒரு பந்திக்கு முக்கா மணி நேரம்னா, மூணு பந்திக்கு ராத்திரி ஆயிரும்டா" என்று வார்டன் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் நின்று நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கூடம் காலியான பிறகு பரிமாறிய ஐந்து பேரும், மாஸ்டரும், நானும் உட்கார்ந்தோம். அடிக்குழம்பில் மாங்காய் கரைந்து கெட்டியாகக் கிடந்தது. கடல்காரன் ஆறு மீன் தின்றான். தட்டைப் பார்க்கக்கூட இல்லை, கை தன்பாட்டுக்கு முள்ளை எடுத்து வைத்தது. அந்த வாரம் முழுக்க அவன் மறுநாள் வேலை எதையும் பற்றி என்னிடம் கேட்கவில்லை. தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணே, நாளைக்குக் காலையில இட்லிதான? உளுந்து ஊறப் போட்டாச்சா?"

போடவில்லை. எழுந்து போய்ப் போட்டேன்.