மஞ்சள் தண்ணீர் பட்ட மெஷின்

பீப்பாய்களைத் தாண்டிக் குதிக்கும் அந்த மீசைக்காரன், வீடியோ கேமில் முதன்முதலாக வந்தபோது வெறும் தச்சன். பிறகு குழாய் பழுதுபார்க்கிறவன் ஆனான். தம்பி வந்து சேர்ந்தான். பாகம் பாகமாக வளர்ந்து, தொண்ணூறுகளில் கிள்ளான் கடைகளில் தொங்கிய பள்ளிப் பைகளிலும் ஏறிவிட்டான். புதுப் பாகம் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் கன்னையா பேச்சை மாற்றிவிடுவார். அவனோடு மாரியாயியின் முகமும் வந்து நிற்கும்.

அது 1982. பிரிக்பீல்ட்ஸில் சீவரத்தினம் வைத்திருந்த வீடியோ கேம் கடையில் கன்னையா மெக்கானிக். ஞாயிறுதோறும் செந்தூல் பகுத்தறிவுக் கூட்டத்தில் பேசுவார். திருஷ்டி, தீட்டு, சகுனம் எதையும் விட்டுவைக்க மாட்டார்.

ஆயுத பூசையன்று மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சீவரத்தினம் மஞ்சள் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். "எல்லாத்துக்கும் தெளிச்சு விடு." கன்னையா மறுபேச்சில்லாமல் வாங்கித் தெளித்தார். அவருடைய வாய் செந்தூலில் மட்டும்தான் திறக்கும். சூடு தணியட்டும் என்று மீசைக்காரன் மெஷினின் பின்கதவைத் தாமே திறந்து வைத்திருந்ததையும் மறந்துவிட்டார்.

மறுநாள் திரையில் கோடு கோடாக ஓடியது. மீசைக்காரனைக் காணோம்.

கடையைக் கூட்டி, மெஷின் கண்ணாடிகளைத் துடைக்கிறவள் மாரியாயி. தினமும் பண்டமாரானிலிருந்து பஸ் ஏறி வருவாள். சீவரத்தினம் நேராக அவளிடம் போனார்.

"நேத்து நீ தூரமா?"

"ஆமா பாஸ். அதுக்கும் மெஷினுக்கும் என்னா?"

"தீட்டோட பூச மெஷினத் தொட்டிருக்க. இனிமே வேலைக்கு வராத."

மாரியாயி கன்னையாவைப் பார்த்தாள். "அண்ணே, தீட்டெல்லாம் புளுகுன்னு மைக்கப் புடிச்சுப் பேசுவீங்களே. இங்க மைக் இல்ல, சும்மாவே சொல்லுங்க."

மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார் கன்னையா. போர்டின் மேல் மஞ்சள் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது.

"எதனாலன்னு தெரியுதா, கன்னையா?" என்றார் சீவரத்தினம்.

"பாக்கணும் பாஸ்."

"பாருங்கண்ணே, நல்லாப் பாருங்க." துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மாரியாயி வெளியேறினாள்.

கன்னையா ஸ்பிரிட் தொட்டுப் போர்டைத் துடைத்து, விசிறிக் காற்றில் காயவைத்தார். மத்தியானத்துக்குள் மெஷின் ஓடியது.

சீவரத்தினம் அவர் தோளில் தட்டினார். "பாத்தியா லா? அவ போனா, இது ஓடுது."

விளையாட வந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கன்னையா திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். தீட்டு உண்டு என்பதற்கு அவருடைய கைவேலையே சாட்சியாகிவிட்டது.

அந்த ஞாயிறு கூட்டத்துக்குப் போகாமல் பண்டமாரானுக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "தண்ணி தெளிச்சது நான்தான் மாரியாயி. உன்னால இல்ல."

அவள் துணி அலசுவதை நிறுத்தவில்லை. "என்னால இல்லன்னு எனக்குத் தெரியாதாண்ணே? தெரியாதவரு பிரிக்பீல்ட்ஸ்ல இருக்காரு. அங்க போய்ச் சொல்லுங்க."

திரும்பும் பஸ் பிரிக்பீல்ட்ஸில் நின்றது. கன்னையா இறங்கவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார். அன்றும் சொல்லவில்லை.