ரிவர்ஸ் மட்டும் போதும்

எண்பதுகளில் மலேசியாவில், சுங்கை வேயில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. கிளட்சை மிதிக்காமல் கியரைப் போட்டால் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிவிடுவேன். அப்படியும் வந்தார்கள், என்னிடம் படித்தால் டெஸ்ட் பாஸாகிவிடும் என்ற நம்பிக்கையில்.

அவள் ஒருத்திதான் டெஸ்டே வேண்டாம் என்றாள். ஐம்பதை நெருங்கிய வயது.

"ரிவர்ஸ் மட்டும் சொல்லிக் குடுங்க டீச்சர். வீட்டுலேருந்து காடிய வெளிய எடுக்கணும். அங்கேருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போகத் தெரிஞ்சா போதும்."

"முன்னால போகவே தெரியாம யாராச்சும் பின்னால போவாங்களாக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

ஆனால் அவள் விடவில்லை. எந்த ரோட்டுக்குக் கூட்டிப்போனாலும் "இது ஆஸ்பத்திரிக்குப் போற வழியா டீச்சர்?" என்பாள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், என்னதான் வேண்டும் உங்களுக்கு என்று கத்தினேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள்.

"அவருக்கு நெஞ்சுல கோளாறு. எந்நேரமும் அட்டாக் வரலாம்னு டாக்டர் எங்கிட்ட மட்டும் சொன்னாரு. அவருக்குத் தெரியாது. வாய்வுன்னு சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல போனும் இல்ல. திடீர்னு வந்துச்சுன்னா நான் யாரப் போயி எழுப்புவேன்?"

நம் வீடுகளில் இது வழக்கம்தான். நோய் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும், நோயாளிக்கு மட்டும் மூடி வைப்பார்கள்.

அவள் கணவர் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். காலையில் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். கார் வாசலில் மூக்கை உள்ளே நீட்டியபடி நிற்கும். அதில்தான் பழக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். என் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தக் காரில் கிடையாது. வீட்டுக்கு முன்னால் சாக்கடை, அதன் மேல் கார் போகும் அளவுக்கு மட்டும் ஒரு பலகைக்கல், அதைத் தாண்டினால் லோரிகள் பறக்கும் ரோடு. அவள் பின்னால் எடுக்கும்போதெல்லாம் என் கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதிக்கும்.

ஒரு மதியம் பின்சக்கரம் கல்லின் ஓரத்துக்குப் போய்விட்டது. "ஸ்டாப்!" என்று அலறினேன். ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை உரசுவதுபோல் போனது. கண்ணாடியில் பார்த்தால் கேட்டருகே அவர் நிற்கிறார். சீக்கிரமே வீட்டுக்கு வந்திருக்கிறார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது.

"ஐயோ, நானே அவரக் கொன்னுருவேன் போலிருக்கே" என்றாள் அவள் மெதுவாக. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கார் சாக்கடைமேல் தொங்குகிறது, என் காரும் தள்ளி நிற்கிறது.

அவர் கையை இறக்கினார். காருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் முன்னால எடு. இப்ப ஸ்டேரிங்க நேரா வையி. வா... மெதுவா வா... போதும்லா."

பலகைக்கல்லைக் கடந்து கார் ரோட்டோரமாக நின்றது. அவள் இறங்கி, அவர் கேட்காமலேயே, "பாசாருக்குச் சாமான் வாங்கப் போகத்தான் பழகுறேன்" என்றாள்.

"நல்லதுதான்" என்றார். அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள்.

நான் என் காரில் ஏறும்போது அவர் பின்னாலேயே வந்து ஜன்னலருகே குனிந்தார்.

"டீச்சர், அவ ஆஸ்பத்திரிக்குப் போற வழியத்தான கேட்டா?"

சாவியைத் திருகப்போன கையை எடுத்துக்கொண்டேன்.

"கிள்ளான்ல அவ தங்கச்சி வீடு இருக்கு. அங்க போறதுக்கும் பழக்கிடுங்க. எனக்கப்புறம் அவ எங்கயாச்சும் போய் வரணும்ல? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

மறுவாரம் அவளோடு கிளம்பினேன். ஃபெடரல் ஹைவேக்குப் போகும் முனையில் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பப் பார்த்தவளிடம், "இன்னிக்குக் கிள்ளான் பக்கம் போங்கக்கா. ஹைவேல ஓட்டிப் பழகணும்" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். தங்கை வீட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"அவருதான சொன்னாரு? தங்கச்சி வீட்டுக்குத்தானே டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிள்ளான் பக்கம் சிக்னல் போட்டாள்.