இரவில் நான் சோறு தொடுவதில்லை

காலுறையைக் கழற்றியபோது அது பெருவிரலில் ஒட்டியிருந்தது. இழுத்ததும் இரத்தம் வந்தது. வலிக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

எண்பதுகளின் கடைசி. நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய மிச்சம் (Mitcham) என்ற வெளிநாட்டு ஊரில், ஒரு கடையில் முழு ஷிப்டும் நின்று வேலை செய்து கொண்டிருந்தேன். சலரோகம் (நீரிழிவு, இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம்) இருப்பது முன்பே தெரியும். இப்போது நியூரோபதியும் (சீனியால் நரம்பு பழுதாகி உணர்வு குறைதல்) வந்துவிட்டது என்றார் டொக்டர். அவர் தமிழ்நாட்டுக்காரர். சீனி இறங்கினால்தான் புண் ஆறும், இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார்.

"ராத்திரி என்னம்மா சாப்பிடுறீங்க?"

"இரவிலை நான் சோறு தொடுறதில்லை, டொக்டர்."

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "உண்மையைச் சொன்னாத்தாம்மா விரலைக் காப்பாத்த முடியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்க்காரி என்கிறாரே! வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. சாப்பாட்டைப் பற்றி இவருக்கு மட்டும்தான் தெரியுமோ என்று கறுவிக்கொண்டு, பக்கத்துக் கல்லூரியில் இரண்டு வருடப் போசாக்கு டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது.

"படியும், படியும்," என்றார் கணவர். "சமையலை நான் பாக்கிறன். என்ரை சமையலைச் சாப்பிட்டா உமக்குச் சீனி தானா இறங்கும்."

வகுப்பில் எல்லாருக்கும் என் மகளின் வயது. முதல் மாதமே ஒரு பயிற்சி வந்தது: வீட்டில் வழமையாகச் சாப்பிடுவதைச் சமைத்து, நிறுத்துக் காட்ட வேண்டும். புட்டுக்குழலைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கல்லூரி அடுப்படியில் ஆவி பறக்க மூன்று குழல் அவித்தேன். பிள்ளைகள் சுற்றி நின்று மணம் பிடித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு கணக்கைப் பார்த்தேன். மத்தியானச் சோற்றுக்கு நான் போடும் அரிசியைவிட, இரவுப் புட்டுக்குக் குழைக்கும் அரிசிமா கூட. திரும்பவும் நிறுத்தேன். அதே நிறைதான். அதன்மேல் தேங்காய்ப்பூ, பிசைந்த வாழைப்பழம். ஐயோ, அந்த மாவும் அரிசிதானே! எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு என்றால் சோறு. புட்டும் இடியப்பமும் ஏதோ காற்றில் விளைந்தவை என்றுதான் நானும் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த கிளினிக்கில் அந்தக் கணக்குத் தாளை டொக்டரின் மேசையில் வைத்தேன்.

"நான் பொய் சொல்லேல்லை, டொக்டர். எனக்கே தெரியாமல் இருந்திருக்கு."

அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "எனக்குத்தாம்மா கேக்கத் தெரியலை."

அன்றிலிருந்து ஒரு குழல், ஒரு முட்டை, தட்டு நிறையக் கீரை. முதல் சில வாரங்கள் பசியில் எல்லாரோடும் எரிந்து விழுந்தேன். கணவர்தான் பாவம். சீனி மெல்ல இறங்கியது. தாதி ஒவ்வொரு கிழமையும் கட்டு மாற்றினார். குளிர்காலம் முடியும்போது புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்புத் தோல் வந்திருந்தது. அன்று கிளினிக்கிலேயே அழுதுவிட்டேன்.

டிப்ளோமா வாங்க என் பெயரை வாசித்தபோது மேடைக்கு நடந்தேன். பத்துக் கால்விரலோடும் நடந்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்லுகிறேன்.

உங்களுக்கும் இந்த வருத்தம் இருந்தால் ஒன்று சொல்வேன்: வலிக்கும் என்று காத்திருக்காதீர்கள். என் கால் எனக்கு ஒன்றும் சொல்லாது. தினமும் காலையில் கண்ணாடி பிடித்து உள்ளங்காலை நானே பார்க்கிறேன். முன்பு ஷிப்டுக்கு ஓடிய நேரம் அது. இப்போது எந்த அவசரத்திலும் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

தொண்ணூறுகளில் அதே கிளினிக்கில், உணவு ஆலோசனைப் பிரிவில் உதவியாளராக வேலை கிடைத்தது. முதல் நாள், காலில் கட்டோடு ஒரு ஊர்க்காரர் வந்து அமர்ந்தார்.

"இரவிலை நான் சோறு தொடுறதில்லை, பிள்ளை. ஒருத்தரும் நம்புகினம் இல்லை."

"நான் நம்புறன், ஐயா," என்றேன். "புட்டு எத்தனை குழல்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாலு."

நான் சப்பாத்தைக் கழற்றி என் பெருவிரலைக் காட்டினேன்.