கிணற்றில் மிதந்த கல்

கல்லைத் தண்ணீரில் மிதக்க வைத்தவன் நான். அதுவும் பட்டப்பகலில், ஊர் பார்க்க. இப்படித்தான் ரொம்ப நாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பொய். கல் அதுபாட்டுக்கு மிதந்தது. நான் அதைக் கிணற்றில் போட்டவன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் வேறு என்ன அதிசயத்தைச் செய்துவிடப் போகிறான்?

அப்போது நாங்கள் வண்டியூரில் இருந்தோம். அப்பாவின் அக்காவை ஒத்தக்கடையில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தை மகனுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? சீர்வரிசையோடு போன அப்பாவின் வண்டி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. நேரம் தப்பிவிடும் என்று அத்தை வீட்டுக்காரர்கள் வேறொருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அப்பா வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தபோது பையன் அழுது முடித்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தான்.

வீடு திரும்பிய அப்பா, கைக்கு அகப்பட்ட அம்மிக்குழவியைத் தூக்கித் தோட்டத்துக் கிணற்றில் போட்டார். "இந்தக் கல்லு மெதக்குற அன்னிக்குத்தான் அவ வாசப்படிய மிதிப்பேன்" என்றார். ஊரே கேட்டது. அன்றிலிருந்து அம்மா பக்கத்து வீட்டு அம்மியில்தான் மிளகாய் அரைத்தாள்.

வருஷங்கள் போயின. ஒருநாள் ஒத்தக்கடையிலிருந்து ஆள் வந்தது. அத்தை மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாளாம். தாய்மாமன்தான் பச்சைத் தென்னங்கீற்று வெட்டிக்கொண்டு போய்க் குச்சு கட்ட வேண்டும். அந்தச் சின்னக் குடிசையில்தான் பெண்ணை உட்கார வைப்பார்கள். "தம்பி வந்தாத்தான் குச்சுன்னு அக்கா ஒத்தக்கால்ல நிக்குது" என்றார் வந்தவர். அப்பா அன்று சாப்பிடவே இல்லை.

எனக்கோ அத்தை வீட்டுக் கருப்பட்டிப் பணியாரம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அப்பா போகாவிட்டால் நானும் போக முடியாது.

அந்தச் சமயம் அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வெள்ளைக்காரன் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை. ஜாவா வரைக்கும் போய் வந்தவர். குதிகால் தேய்க்க ஒரு சாம்பல் நிறக் கல் வைத்திருந்தார். தேங்காய்ப் பருமன், ஆனால் வெறும் கூடு போலக் கனமே இருக்காது. அண்டாவில் போட்டால் வாத்து மாதிரி மிதக்கும். நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கும் பழக்கம் இன்றைக்கும் இல்லை. எடுத்துப் போய்க் கிணற்றில் போட்டுவிட்டு வேலியோரம் உட்கார்ந்துகொண்டேன்.

மாடுகளை ஓட்டிக்கொண்டு இறைக்க வந்த அப்பா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், இங்க வந்து பாருடி! கல்லு மெதந்துருச்சு!"

அம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "ஆமா, மெதந்துருச்சு! சாமி, மெதந்துருச்சு!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். அப்பா மாடுகளை இறைக்கிற கயிற்றில் கட்டாமல் வண்டியில் பூட்டினார். என்னைப் பார்த்து, "ஏலே, அருவாள எடுத்துட்டு வா, கீத்து வெட்டணும்" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் மாமா துண்டோடு குளிக்க வந்தார்.

"அட, ஏங்கல்லு! இத யாரு இங்கன போட்டது?"

அம்மா கண்ணைக் காட்டினாள். தலையை ஆட்டினாள். மாமா கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கல்லா? கல்லு எப்பிடிப்பா மெதக்கும்?" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். மாமாவுக்கு அது போதாதா!

"அண்ணே, கடலுக்கு அடியில நெருப்பு மலை இருக்கு. கல்லையே காய்ச்சிக் கொழம்பாக் கக்கும். சோறு பொங்குறாப்புல நொரை தள்ளிக்கிட்டு வரும். தண்ணி பட்டதும் அந்த நொரை அப்பிடியே எறுகிக் கல்லாயிரும். ஆப்பத்துல பாத்திருப்பீகள்ல, அம்புட்டு ஓட்டை. உள்ள பூராம் காத்து. அதான் முங்காது."

"அடேயப்பா!"

"கடல்ல பாய் விரிச்சாப்புல மெதந்து வரும்ணே. கப்பல் அதுக்குள்ள போனா கரகரன்னு சத்தம் கேக்கும். நண்டு, சிப்பியெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டு தேசம் விட்டு தேசம் போகும். ரொம்ப நாள் கழிச்சுத்தான், ஓட்டைக்குள்ள தண்ணி ஏறி அடியில போய்ப் படுத்துரும்."

"அப்ப இது கொழவி இல்லையா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா நுகத்தடியைப் பிடித்தபடி நின்றார். "அப்பிடியா மாப்ள. அது மெதக்கன்னே பொறந்த கல்லு" என்று சொல்லிவிட்டு, பூட்டின மாடுகளை அவிழ்த்தார்.

அத்தை மகளுக்குப் பங்காளி ஒருவர்தான் குச்சு கட்டினார். அன்று மாமாவுக்குச் சோறு போட்ட அம்மா, மறுசோறு வேண்டுமா என்று கேட்கவில்லை. எனக்கு மாமாமேல் மதிப்பு கூடியது. நெருப்பு மலையைத் தெருத்தெருவாகப் பையன்களுக்கு விளக்கினேன்.

குழவி கறுப்பு, முழ நீளம். அதைச் சாம்பல் நிறக் கல்லோடு குழப்ப அப்பாவுக்குக் கண் ஒன்றும் மங்கவில்லை. மேய்கிற மந்தையில் தன் கன்றை அடுத்த வரப்பிலிருந்தே சொல்லுவார். மிதந்தது எந்தக் கல் என்று அவர் கேட்காமலேதான் வண்டியைப் பூட்டினார். இது என் மரமண்டையில் ஏறுவதற்கு எனக்கே பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

அடுத்த கார்த்திகைக்குள் அத்தை காய்ச்சலில் போய்விட்டாள். சேதி வந்ததும் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனார். பின்னால் நானும் ஓடினேன். பிறந்த வீட்டுக் கோடியை அத்தைமேல் போர்த்திவிட்டு, அவள் காதருகே குனிந்து, "அன்னிக்கே வண்டியப் பூட்டிட்டேன்க்கா" என்றார். செத்தவளிடம் எதற்கு வண்டியைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் அப்பா நிமிர்ந்து, என்னைப் பார்த்து...

"ஏங்க! கன்னுக்குட்டி கயித்த அத்துக்கிட்டு ஓடுது, அங்கன என்ன பேச்சு?"

என் பெண்சாதிதான். வாரேன்டி, வாரேன்.