வெள்ளிமலைக்கு வந்த பாலைவன ஓட்டுநர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் புறப்படும் காலைப் பேருந்தில் நாங்கள் ஏறியபோது கடைத்தெருவில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. எங்கள் பாத்திரக் கடையும் அதில் ஒன்று. என் கொழுந்தனார் சாவகாசமாகத்தான் வந்து திறப்பார். எங்கள் ஊர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. கைப்பேசி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, நானும் என் கணவர் அன்வரும் இரண்டு பேர் மட்டுமாகப் போன முதல் பயணம் அது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவருக்கு துபாயில் வேலை. பெரிய வண்டியில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு பிற்பகலில் பாலைவனத்துக்குள் போவார். மணல் குன்றுகள் மேலே ஏற்றி இறக்கி, ஒட்டகம் காட்டி, சூரியன் விழுவதைக் காட்டி, கூடாரத்தில் சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். சஃபாரி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் விடுப்பில் வருவார். அந்த முறை வந்து இரண்டு மாதமாகியும் திரும்பிப் போகும் பேச்சே இல்லை. தம்பியின் கடை வேனைக்கூடத் தொடவில்லை. கேட்டால், "முதுகு வலிக்குது நசீமா" என்பார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்ச நாள் வலிக்கட்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இந்தப் பயணத்துக்கு நச்சரித்தவள் நான்தான்.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் காடு மேடு காட்டறீங்க. எனக்கு இன்னா காட்டினீங்க?"

"இங்க இன்னா இருக்குது காட்டறதுக்கு?"

"மலை இருக்குது இல்ல? வூட்டு மாடியில நின்னா தெரியுது. ஒரு நாளாவது கூட்டிக்கினு போனீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, போவலாம். ஆனா பஸ்லதான்."

கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். வெட்டிய கரும்பின் புளித்த இனிப்பு வாசனை பேருந்துக்குள் நிறைந்திருந்தது. இரண்டு பக்கமும் மரவள்ளித் தோட்டங்கள். கோமுகி அணையின் நீர் ஒரு திருப்பத்தில் வெள்ளித் தட்டுபோலத் தெரிந்து மறைந்தது. அதன் பிறகு ஏற்றம். பேருந்தில் பெரும்பாலும் மலைக்காரர்கள். சமவெளியில் சாமான் வாங்கித் திரும்புகிறவர்கள். என் காலடியில் ஒரு மூட்டை உப்பு. எதிர் இருக்கைப் பெண்ணின் மடியில் கூடை நிறைய கோழிக் குஞ்சுகள். ஒவ்வொரு வளைவிலும் அவை ஒரே குரலில் கத்தின. நான் கழுத்தை நீட்டி நீட்டிக் கீழே பார்த்தேன். வயல்கள் பாய் விரித்ததுபோல் ஆகி, பிறகு பனியில் கரைந்து போயின. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். முன்னிருக்கைக் கம்பியை அவர் பிடித்திருந்த பிடியைக் கவனித்திருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டேன்.

வெள்ளிமலையில் இறங்கியபோது பத்து மணி இருக்கும். வெயில் இருந்தது, ஆனால் சுடவில்லை. இரண்டு ரூபாய்க்குத் தேநீர் குடித்தோம். கடைக்கு எதிரில் நான்கைந்து ஜீப்புகள் நின்றன. பேருந்து போகாத ஊர்களுக்கு ஆளையும் அரிசியையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றிப் போகிற ஜீப்புகள். ஒன்றின் முன்மூடியில் சாய்ந்து நின்ற ஒல்லியான இளைஞனின் பெயர் சடையன். மலையாளி இனத்தவன். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்கிற, தமிழ் பேசுகிற மக்கள்.

"இன்னா பாய் பாக்கணும்? அருவியா, காடா?" என்று கேட்டான்.

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "கரடி."

சடையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கரடிக்குச் சொல்லி அனுப்ப முடியாதுக்கா. அது இருக்கற எடத்தக் காட்டறேன். வந்தா பாத்துக்குங்க."

மாலை வரைக்கும் அறுநூறு ரூபாய் என்று பேசி முடித்தோம். என் கணவர் பின்னால் ஏறிக்கொண்டார். "நீ முன்னாடி உக்காரு. நல்லாத் தெரியும்" என்றார். ஆண்கள் இருக்கும்போது பெண்ணுக்கு முன்னிருக்கை கிடைப்பது எங்கள் குடும்பத்தில் நடக்காத காரியம். அன்று முழுக்க அந்தப் பெருமையிலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

தார்ச்சாலை சீக்கிரமே முடிந்துபோனது. சில்வர் ஓக் மரங்கள், பலா மரங்கள், அறுத்துக் கட்டி வைத்த சாமைக் கதிர்கள், பிறகு ஆள் இல்லாத காடு. சடையன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் காட்டிக்கொண்டே வந்தான். ஒரு மரத்தின் பட்டையில் நீளமான கீறல்கள். கரடி தேனுக்கு ஏறிய தடம். ஈரமண்ணில் காட்டுப்பன்றிகள் கிளறிய பள்ளம், உழவு ஓட்டியதுபோல. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, விரலை உதட்டில் வைத்தான். உச்சிக் கிளையில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மலை அணில், வாலை மட்டும் ஒரு முழத்துக்குத் தொங்கவிட்டுக்கொண்டு எங்களையே பார்த்தது.

மதியம் ஓர் ஓடைக்கரையில், பாறைமேல் உட்கார்ந்து தக்காளிச் சோறும் முட்டை வறுவலும் சாப்பிட்டோம். தண்ணீர் பத்து ஆள் உயரத்திலிருந்து விழுந்து, எங்கள் காலருகே வந்து அடங்கியது. அங்கேதான் இரண்டு வழிகாட்டிகளும் தொழில் பேச ஆரம்பித்தார்கள்.

"மணல்ல இன்னா பாய் இருக்குது பாக்க?" என்றான் சடையன்.

"காலையில போனா நரி நடந்த தடம் இருக்கும். காத்து அடிச்சா அதுவும் இருக்காது. ஒரு வகை மான் இருக்குது, வெள்ளையா, ஈட்டி மாதிரி கொம்பு."

"தெனமும் வருமா அது?"

"எங்க வருது!"

"வரலனா காசத் திருப்பிக் கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. அதுக்குத்தான் ஒட்டகத்தக் கட்டி வச்சிருக்காங்க."

சடையன் சிரித்த சிரிப்பில் ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு பறவை கிளம்பிப் போனது. "நாங்களும் ஒரு கரடியக் கட்டி வைக்கணும் போல இருக்குதே!" என்றான். என் கணவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. ஈரப் பாறையும், தக்காளிச் சோற்றின் வாசனையும், அந்த இரண்டு பேரின் சிரிப்பும் இன்றைக்கும் எனக்கு ஒன்றாகத்தான் நினைவுக்கு வரும்.

திரும்பும் வழியில் பாதை மேல் ஒரு கிளை முறிந்து கிடந்தது. போகும்போது அது இல்லை. சடையன் கொடுவாளை எடுத்துக்கொண்டு இறங்கினான். இரண்டு வெட்டு வெட்டி, கிளையைப் பிடித்து இழுத்தான். பக்கத்துப் புதர் அதிர்ந்தது. அடுத்த கணம், "கதண்டு! கதண்டு! அசையாதீங்க!" என்று கத்தினான். கதண்டு என்றால் குளவியில் பெரிய சாதி, மாட்டையே சாய்த்துவிடும். அவன் ஜீப்பை நோக்கி ஓடி வரவில்லை. எங்களை விட்டு விலகி, ஓடைப் பக்கமாகத் தலையில் சட்டையைப் போர்த்திக்கொண்டு ஓடினான். கறுப்பாக ஒரு புகை அவன் பின்னாலேயே போனது.

கொஞ்ச நேரம் கழித்து நடந்து வந்தான். நனைந்திருந்தான். ஒரு கண் மூடிவிட்டது, உதடு வீங்கிவிட்டது. "ஒண்ணும் இல்லக்கா" என்று சொன்னான். ஜீப்பின் கதவைப் பிடித்தவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தது.

"இன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும். வண்டிய எடுங்க!" என்றேன்.

என் கணவர் அசையவில்லை.

"எடுங்கன்னு சொல்றேன்!"

"என்னால முடியாது நசீமா."

முதுகுவலியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது இல்லையென்று தெரிந்தது. எந்த நோயிலும் அந்த முகத்தை நான் கண்டதில்லை. கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. சடையனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அதற்கு மட்டும் அவர் வந்து உதவினார். அவனைப் பின்னால் ஏற்றிப் படுக்க வைத்தோம். பிறகு நான் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். சடையன் செய்ததைக் காலையிலிருந்து பார்த்திருந்த தைரியத்தில் சாவியைத் திருகினேன். ஜீப் ஒரு துள்ளு துள்ளி, வெட்டிக் கிடந்த கிளையில் முட்டி நின்றுவிட்டது. மறுபடி திருகினேன்.

"எறங்கு" என்றார் பக்கத்தில் வந்து நின்று.

"மாட்டேன்."

"எறங்கு நசீமா. நான் ஓட்டறேன்."

அவர் வண்டியைப் பின்னால் எடுத்து, கிளையின் மேலேயே மெல்ல ஏற்றி அப்பால் இறக்கினார். முதல் இறக்கம் வரைக்கும் வண்டி நடைவேகத்தில்தான் போனது. நான் பின்னால் சடையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாமல் வந்தேன். திடீரென்று அவர் பேச ஆரம்பித்தார்.

"இப்போ எறக்கம் வரும். கம்பியப் புடிச்சுக்கோ. எடது பக்கம் சாயும், பயப்படாத. சாஞ்சிட்டு நேராயிடும்."

சொன்னபடியே சாய்ந்தது, சொன்னபடியே நேரானது.

"அடுத்து தண்ணி. நிறுத்தாமப் போவேன். தூக்கிப் போடும், அவன் தலையப் பாத்துக்கோ."

முன்பின் தெரியாத மனிதர்களுக்குப் பாலைவனத்தில் தினமும் அவர் இப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். வரப்போவதை முன்கூட்டிச் சொல்லி, பயத்தைப் பாதியாக்கிக் கையில் கொடுக்கிற குரல். தொலைபேசியில் கேட்ட குரல் வேறு. சாப்பாட்டு நேரத்துக் குரல் வேறு. பன்னிரண்டு வருஷமாக என்னோடு வாழ்ந்த என் கணவரின் வேலைக் குரலை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வண்டி வேகம் பிடித்தது. குரல் நடுங்கவில்லை.

வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் இளம் மருத்துவர் இருந்தார். ஊசி மேல் ஊசி போட்டார். மூச்சுக்குக் குழாய் வைத்தார். விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். செய்தி கேட்டு சடையனின் மனைவி ஓடி வந்தாள். புருஷனின் வீங்கிய முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, "நீங்கதான் ஓட்டிக்கினு வந்தீங்களாண்ணே?" என்று கேட்டாள். என் கணவர் தலையாட்டினார். அவள் கும்பிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசிப் பேருந்துக்கு நேரமிருந்தது. வாசலில் இருந்த சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து அவர் சொன்னார். நான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு மணல் குன்றின் விளிம்பில், முன்தினக் காற்று அந்தப் பக்கத்தை அரித்திருந்தது தெரியாமல் ஏறிவிட்டார். வண்டி மூன்று முறை உருண்டது. பயணிகளில் ஓர் அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. உன் பிழை இல்லை என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்த்தது. கண்ணாடிக்கு முன்னால் தரை சுழன்றது. சரியானால் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

"இன்னாத்துக்கு என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நெஜமாயிடும்னு பயம்."

முன்னிருக்கையை எனக்குக் கொடுத்தது எதற்கென்று அப்போது புரிந்தது. அது அன்பில்லை என்று சொல்ல மாட்டேன். பயமும் அன்பும் இரண்டும்தான்.

உள்ளே போய் விடைபெற்றபோது சடையன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். காசை அவன் மனைவி கையில் வைத்தோம். "கரடி காட்டலியேக்கா" என்றான் வீங்கிய வாயால்.

பேருந்து இறங்க ஆரம்பித்தது. என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து, ஒவ்வொரு வளைவையும் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி மலை இறங்கியதும், "நாளைக்கு கம்பெனிக்கு போன் போட்டு வரேன்னு சொல்லிடறேன் நசீமா. டிக்கெட் அனுப்புவாங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர் போல அவர் முகம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பயம் தீராமல் இருந்திருந்தால் அவர் கள்ளக்குறிச்சியிலேயே, கடையிலேயே, என் பக்கத்திலேயே இருந்திருப்பார். நான்தான் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றேன்.

போனார். இன்னும் ஏழு வருஷம் மணலில் ஓட்டினார். ஒருவருக்கும் ஒரு கீறல் படாமல் ஓட்டினார். பிறகு ஒரேயடியாக வந்துவிட்டார். இப்போது மலைக்கு நல்ல சாலை போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வரிசையாக ஏறுகின்றன. நாங்களும் இரண்டு முறை போய் வந்தோம், மகள் ஓட்ட. அழகாகத்தான் இருந்தது. ஆனால் மலை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பழைய இறக்கம்தான் நினைவுக்கு வருகிறது. கீழே சமவெளியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. வெயிலின் மிச்சச் சூடு ஜன்னல் வழியாக மேலே வந்தது. விளக்குகளில் எது எங்கள் ஊர் என்று அவர் விரல் நீட்டிக் காட்டினார். நான் அந்த விளக்குகளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னும் எத்தனை வளைவு மிச்சம் என்று தெரியாதவளாக, சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு.