சட்டையைப் பார்த்து ஓடிய பூடுல்

பொறாமைப்பட எனக்கு வாழ்க்கையில் நிறைய சந்தர்ப்பங்கள் கிடைத்திருக்கின்றன. கூட ஐ.டி.ஐ. படித்தவன் கார் வாங்கினான். மச்சான் துபாய்க்குப் போனான். என்னைவிட ஒரே ஒரு வயது இளைய எதிர்வீட்டுக்காரனுக்குத் தலை நிறைய முடி இருந்தது. இதையெல்லாம் நான் கண்ணியமாக, வெளியே தெரியாமல், மனசுக்குள்ளேயே பட்டுத் தீர்த்தேன். ஒரு நாய் விஷயத்தில்தான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

கேமரா வைத்த செல்போன் எங்கள் பிளான்ட்டில் இரண்டு பேரிடம் மட்டும் இருந்த காலம் அது. மேனேஜருக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. அங்கே குடியிருக்கப் போகிற அடுக்குமாடியில் நாய் வைக்கக்கூடாதாம். யாருக்காவது வேண்டுமா என்று கேண்டீனில் கேட்டார். இன்க்ரிமென்ட் போடுகிற மாதம், கையைத் தூக்கிவிட்டேன். இன்க்ரிமென்ட் வரவில்லை, நாய் வந்தது. வெள்ளை வெளேரென்று, சுருள் சுருளாக, முழங்கால் உயரம்கூட இல்லாத பூடுல். பெண்.

ஓசூரில் எங்கள் காலனி மூன்று பாஷை பேசும். மூன்று பாஷையிலும் அதை ஆட்டுக்குட்டி என்றே முடிவு செய்தார்கள். பால்காரம்மா அதன் முதுகு ரோமத்தை அள்ளிப் பார்த்து, வெட்டினால் எத்தனை கிலோ தேறும் என்று என் மனைவியிடம் தெலுங்கில் விசாரித்தார்.

மேனேஜர் நாயோடு ஒரு சிடியும் தந்திருந்தார். அதில் வெளிநாட்டு நாய்கள் தடை தாண்டின, குழாய்க்குள் புகுந்து வெளியே வந்தன, வரிசையாக நட்ட கம்புகளுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து ஓடின. கூடவே ஒரு ஆள் கையைக் காட்டிக்கொண்டே ஓடுகிறார். பெங்களூரிலும் இந்தப் போட்டிகள் நடக்கின்றன, பூடுலுக்கு மூளை அதிகம், முயற்சி செய்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூளை யாருக்கு அதிகம் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்தீனியம் மண்டிய காலி மனை ஒன்று கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, பிவிசி குழாயில் இரண்டு தடை, இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு டிரம், ஒரு பழைய டயர், ஆறு மூங்கில் கம்பு எல்லாம் தயார் பண்ணினேன். ஏ ஷிப்டு வாரங்களில் இரண்டரைக்கு வேலை முடிந்து, மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் காலனி முனையில் இறக்கிவிடும். சட்டையைக்கூட மாற்ற மாட்டேன். நீல யூனிபார்ம், சேஃப்டி ஷூ, மெஷினில் தெறித்த கூலன்ட் எண்ணெய் வாசனை, எல்லாவற்றோடும் நேராக மனைக்குப் போய்விடுவேன். நாய் வாசலிலேயே உட்கார்ந்து காத்திருக்கும்.

நான் குவாலிட்டி ஆள். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் எனக்கு. அதனால் நாய்க்கு ஒரு செக் ஷீட் போட்டேன். நான்கு வகைத் தடை, ஒவ்வொன்றுக்கும் ஓகே, நாட் ஓகே, ரீவொர்க் என்று மூன்று கட்டம். இரண்டு மாதத்தில் மற்றதெல்லாம் ஓகே. கம்பு மட்டும் தொடர்ந்து ரீவொர்க். மூன்றாவது கம்பு வரைக்கும் வளையும், அப்புறம் நேராக வந்து என் பாக்கெட்டில் இருக்கும் ஈரலை மோந்து பார்க்கும்.

இந்த இடத்தில்தான் எதிர்வீட்டுக்காரன் வருகிறான். திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரன், எங்கள் செக்ஷனிலேயே சிஎன்சி மெஷின் ஆபரேட்டர், பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் எப்போதும் எதிர் எதிர் ஷிப்டு. நான் பி ஷிப்டில் இருக்கிற வாரம் அவன் ஏ ஷிப்டு முடித்து மூன்று மணிக்கு வந்துவிடுவான். அவர்கள் வீட்டில் ஆட்டுக் கிடைக்குக் காவலாக நாய் வளர்த்தவர்களாம். என் நாயை முதலில் பார்த்தபோது, “என்னண்ணே, பஞ்சுமிட்டாய்க்குக் காலு மொளைச்சிருக்கு” என்றான். நான் சிரிக்கவில்லை.

பி ஷிப்டு வாரம் ஒன்று முடிந்த ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் யூனிபார்மோடு மனையில் கம்புகளை நட்டேன். நாய் ஆறு கம்பையும் வளைந்து வளைந்து ஓடி முடித்துவிட்டு, வாலை ஆட்டியபடி திரும்பிப் பார்த்தது. ஈரல்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் போடுகிற விதை உடனே முளைக்காது, ஒரு வாரம் பொறுத்துத்தான் முளைக்கும் என்று மனைவியிடம் நீளமாக விளக்கினேன். செக் ஷீட்டில் ஓகே போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, “அது எதிர்வீட்டுத் தம்பி சொல்லிக் குடுத்ததுங்க. தினமும் சாயந்திரம் கூட்டிட்டுப் போகுது” என்றாள்.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். அவன் என்ன தப்பு செய்தான்? எனக்கு உதவி செய்திருக்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு பி ஷிப்டில் மூன்று மணி ஆனால் எனக்கு வேலை ஓடாது. கையில் மைக்ரோமீட்டர் இருக்கும், மனசு காலி மனையில் இருக்கும். இப்போது டிரம்முக்குள் நுழைந்திருக்கும், இப்போது அவன் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுப்பான், இப்போது அது அவன் மேல் பாய்ந்து முகத்தை நக்கும். முகத்தை நக்குவது என்று நினைத்த மாத்திரத்தில் ஒரு முழு டிரே நல்ல பீஸை ரிஜெக்ட் என்று ஒதுக்கியிருக்கிறேன்.

வீட்டில் நாயைக் குறுக்கு விசாரணை செய்தேன். “அவன் உனக்கு என்னடி வாங்கித் தர்றான்?” என்று கேட்டேன். அது கொட்டாவி விட்டது. அடுத்த பி ஷிப்டு வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டு அவனுடைய முறையை ஒளிந்திருந்து பார்த்தேன் என்பதை இப்போதுதான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அவன் கையில் தின்பண்டமே இல்லை. நாயோடு சேர்ந்து அவனும் கம்புகளுக்கு நடுவே வளைந்து ஓடினான், அவ்வளவுதான். என் வயிற்றுக்கு அந்த இடைவெளி போதாது.

இப்படி இருக்கும்போது அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு லேஅவுட் மைதானத்தில் போட்டி என்று செய்தி வந்தது. பெங்களூர் ஆட்கள் நடத்துகிறார்கள், சின்ன நாய்களுக்குத் தனிப் பிரிவு, ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாய்க்கு ஒரு ஆள்தான் கூட ஓடலாம். பாரத்தில் என் பெயரை எழுதினேன். அவன் கைகுலுக்கி, வந்து பார்க்கிறேன் என்றான். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. அவன் ஓரமாக வந்து நின்றால் போதும், நாய் என்னை விட்டுவிட்டு அவனிடம் போகும். அதுவும் அத்தனை பேர் முன்னால். இது யாருடைய நாய் என்று உலகத்துக்கே தெரிந்துவிடும்.

எங்கள் செக்ஷனுக்கு ஷிப்டு லிஸ்ட் எழுதுவது என் வேலை. சனிக்கிழமை லிஸ்டில், ஞாயிறு ஓ.டி., ஏ ஷிப்டு என்று போட்டு அவன் பெயரை எழுதினேன். அன்றைக்கு என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். அவன் அதைப் பார்த்துவிட்டு வந்து, “எனக்குன்னு பாத்து ஓ.டி. போட்ருக்கீய, ரொம்ப நன்றிண்ணே” என்று வேறு சொன்னான். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு அன்று மனைவி கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். நான் சந்தன சோப்பு போட்டுக் குளித்தேன். புது ஜீன்ஸ், கட்டம் போட்ட சட்டை, வெள்ளை ஷூ. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட்டை அக்குளுக்கு இரண்டு, கழுத்துக்கு ஒன்று அடித்தேன். நாய் மூன்று முறை தும்மியது. ஆட்டோ பிடித்து ஜூஜுவாடி தாண்டி மைதானத்துக்குப் பத்து மணிக்கெல்லாம் போய்விட்டோம். சிறப்பு விருந்தினர் ஒரு மணிக்கு வந்தார். அதற்கப்புறம் பெரிய நாய்கள். சின்ன நாய்களைக் கூப்பிடும்போது மணி மூன்று.

எங்கள் பிரிவில் மூன்றே நாய்கள். எங்களைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். கோட்டில் நாயை உட்கார வைத்தேன். விசில் ஊதினார்கள். நான் கையைக் காட்டிக்கொண்டு ஓடினேன். முதல் தடையைத் தாண்டிய பிறகுதான் நான் தனியாக ஓடுகிறேன் என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். நாய் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு பொறுப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் குளித்து, நல்ல சட்டை போட்டு, சென்ட் அடித்தால் வீட்டில் என்ன அர்த்தம்? நாங்கள் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகிறோம், நீ இங்கேயே உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். எத்தனை முறை அதற்கு அப்படிச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறேன். விளையாட்டு என்றால் அதற்கு எண்ணெய் வாசனை அடிக்கிற நீலச் சட்டை. அது நான் சொன்னபடிதான் நடந்துகொண்டிருந்தது. நான் கூப்பிடக் கூப்பிட, போய் வாருங்கள் என்பது மாதிரி வாலை ஒரு முறை தரையில் தட்டியது.

சட்டென்று அது மூக்கைத் தூக்கியது. காற்று தண்ணீர் டேங்கர் நின்ற பக்கமிருந்து வந்தது. அடுத்த நொடி கயிற்றைத் தாண்டி, கூட்டத்துக்குள் புகுந்து, டேங்கருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நான் மூச்சு வாங்க ஓடிப் போய்ப் பார்த்தால், அங்கே அவன். நீல யூனிபார்ம், சேஃப்டி ஷூ. ஷிப்டு முடிந்த கையோடு பைக்கில் வந்திருக்கிறான். நாய் அவன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

“நாய் கண்ணுல படக்கூடாதுன்னுதான்ணே இங்க ஒளிஞ்சி நின்னேன்” என்றான். உண்மையாகவே அழுகிற மாதிரி இருந்தது அவன் முகம். “காத்தை மறந்துட்டேன்.”

கோட்டை விட்டு வெளியே போனதால் ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் நடுவராக இருந்த அம்மாள், மக்கள் பார்க்கட்டும், கணக்கில் இல்லாமல் ஒரு முறை ஓடிக் காட்டுங்கள் என்றார். நான் அவனைப் பார்த்தேன். அவன்தான் ஓட வேண்டும், அதுதான் நியாயம். வாய் வரவில்லை. அதற்குள் அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டான். யூனிபார்ம் சட்டையைக் கழற்றி நீட்டினான்.

“இதப் போட்டுக்கிட்டு ஓடுங்கண்ணே.”

பெங்களூர் சீமாட்டிகள் குடை பிடித்து நின்ற அந்த மைதானத்தில் அவன் பனியனோடு நின்றான். நான் அவன் சட்டையைப் போட்டேன். நடு பட்டன் இரண்டும் என் வயிற்றில் சேரவில்லை. கோட்டில் போய் நின்றேன். நாய் என்னை மோந்து பார்த்தது, ஒரு துள்ளு துள்ளியது, ஓடினோம். தடை இரண்டு, டிரம், டயர், ஆறு கம்பு. ஒன்றைக்கூட விடவில்லை. கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அப்படிக் கைதட்டியதில்லை. அப்போதும் தட்டியது எனக்கா, நாய்க்கா, அவன் சட்டைக்கா என்று தெரியவில்லை.

நடுவரம்மாள் வந்து, “ட்ரெய்ன் மாடித்து யாரு?” என்று கேட்டார். பழக்கியது யார் என்கிறார். எனக்குக் கன்னடம் தெரியும். நாங்கள் இருவரும் என்று சொல்லிவிடலாம், பெருந்தன்மையாக இருக்கும் என்று தொண்டையைச் செருமினேன்.

“அண்ணன்தான் மேடம்” என்றான் அவன், எனக்கு முன்னால்.

பெருந்தன்மையிலும் இரண்டாவது இடம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடுக்கும்போது, “தம்பி, அந்த ஓ.டி.யை நான் வேணும்னுதான் போட்டேன்” என்றேன்.

“தெரியும்ணே. நம்ம லைன்ல இன்னைக்கு ஓட்டுறதுக்கு மெட்டீரியலே வரல. காலைல இருந்து மெஷினத் தொடச்சிக்கிட்டுல்லா இருந்தேன்.”

“தெரிஞ்சுமா வந்தே? கோவம் வரலியா?”

அவன் பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னான். “உங்களுக்காவது ஓ.டி. போடத் தெரியுது. நான் என்ன செய்ய? மூணு மணி பஸ் சத்தம் கேட்டா அது முனையப் பாத்துத்தான் உக்காந்திருக்கு. நான்தான் வாரேன்னு தெரிஞ்சதும் ஒரு நிமிசம் அதுக்கு மொகம் சுருங்கிப் போவும்ணே. அந்த ஒரு நிமிசத்தப் பாக்கவே எனக்குப் புடிக்காது. அதுக்காகத்தான் கூட ஓடுறது.”

இதைக் கேட்டதும் எனக்குள் பரவிய சந்தோஷம் நல்ல மனிதனுக்கு வரக்கூடியதல்ல. அவனும் வயிறெரிகிறான். தோளில் தட்டி, போகலாம் வா என்றேன்.

அவன் பைக்கிலேயே திரும்பினோம். அவன் ஓட்ட, நடுவில் நாய், பின்னால் நான். ஜூஜுவாடி செக் போஸ்ட் லாரிகளைத் தாண்டும் வரைக்கும் அந்தச் சந்தோஷம் நின்றது. அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. முகம் சுருங்குகிறது என்பது நிஜம்தானா, இல்லை, அண்ணன் அழுது வடிந்து நிற்கிறாரே என்று என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னானா? அவன் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். நாய் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று எட்டினேன், முடியவில்லை. முகத்தை அவன் முதுகில் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தது. வால் என் பக்கம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது என் வயிற்றில் வந்து மெதுவாகத் தட்டியது. நாய் விழுந்துவிடாமல் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஓட்டுகிறவனால் அதைச் செய்ய முடியாது.