சொத்தை என்று சொன்னவர்

பக்கீர் முகமது முப்பது வருஷம் குரலை வைத்துப் பிழைத்தவர். மதுரையில், பரவைப் பக்கம் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் ஏலம் விடுவது அவர் வேலை. மூட்டையைப் பிரிப்பார். ஒரு காயை எடுத்து, காம்புக்குக் கீழே கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். அவர் முதல் ரகம் என்றால் முதல் ரகம், சொத்தை என்றால் சொத்தை. லாரிச் சத்தத்தையும் மீறி அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் கேட்கும்.

ஐம்பத்தெட்டு வயதில் குரல்வளையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துவாரம், அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டினார். நாளாக ஆக, தட்டுவதும் குறைந்துபோனது.

செல்லூரில் மூடிக் கிடந்த தறிப்பட்டறைக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. நாகஜோதி என்ற நர்ஸ் உரிமையாளரிடம் கேட்டு, தெருக்காரர்களைக் கூட்டிக் குப்பையை அள்ளி, அங்கே ஒரு தோட்டம் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் கூடுவார்கள். விளைவதை வேலை செய்தவர்கள் பங்கிட்டுக்கொண்டு, மீதியை அங்கன்வாடிக்குக் கொடுப்பார்கள். உரத்துக்கென்று காய்த்தோலை வாளியில் போட்டு, பக்கீரிடம் கொடுத்தனுப்பினாள் அவர் மனைவி ஜெயினம்பு. வாளியைக் கொடுக்கப் போனவர், யாரோ கையில் திணித்த ஹோஸைப் பிடித்துக்கொண்டு மதியம்வரை நின்றார். மறுவாரமும் போனார்.

தினமும் சாயந்தரம் தண்ணீர் விடும் வேலை அவருக்கும் காசிமாயனுக்கும் விழுந்தது. காசிமாயன் எழுமலைக்காரர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மதுரையில் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேனாக இருந்தார். அதிகம் பேசமாட்டார். பக்கீருக்கு அது வசதியாக இருந்தது.

நான்காவது மாதம் கத்தரிக்காய் பறித்தார்கள். பக்கீர் பழக்கத்தில் தரம் பிரிக்க உட்கார்ந்தார். நல்லது கூடைக்குப் போனது, ஓட்டை விழுந்தது குப்பைக்குழிக்குப் போனது. காசிமாயன் குனிந்து, எறிந்த காய்களைப் பொறுக்கினார்.

"அதைப் போடாதீங்க பாய்."

பக்கீர் காயைத் திருப்பி ஓட்டையைக் காட்டினார்.

"தெரியுது. அந்த இடத்தை வெட்டிட்டா மிச்சம் காய்தான?" காசிமாயன் நிமிர்ந்தார். "உங்களுக்கு நெனப்பிருக்காது. பத்து வருசத்துக்கு முந்தி ஊர்லருந்து பதினோரு மூட்டை கொண்டாந்தேன். ஒரு மூட்டையில நாலு காயைப் பாத்துட்டு மொத்தமும் சொத்தைன்னு கத்துனீங்க. அம்புட்டு சனத்துக்கும் கேட்டுச்சு. அப்பறம் எவன் வாங்குவான்? மத்த மூட்டையப் பிரிச்சாவது பாருங்கன்னு கெஞ்சுனேன். நீங்க அடுத்த லாரிக்குப் போயிட்டீங்க."

பக்கீர் போனை எடுத்தார். 'எப்போது என்னை அடையாளம் தெரிந்தது?'

"போன மாசம், தக்காளி பறிச்சப்ப. கட்டைவிரலால அமுக்குனீங்கள்ல, அப்ப."

'ஏன் சொல்லவில்லை?'

"பதில் பேச முடியாத மனுசன்கிட்ட என்னத்தச் சண்டை போடுறது?"

அடுத்த இரண்டு வாரமும் பக்கீர் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. ஏலம் விட்ட அந்தக் காலையை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். எத்தனையோ லாரிகள் வந்தன, எத்தனையோ முகங்கள் வந்தன. அந்த முகம் மட்டும் வரவில்லை. 'மன்னியுங்கள்' என்று தட்டினார், அழித்தார். நினைவிலேயே இல்லாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்பது பொய் போலிருந்தது. ஜெயினம்புவிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினார்.

அவள் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "இந்த மாதிரி எத்தனை பேரோ, அல்லாவுக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தராவது நேர்ல சொல்லிட்டாருல்ல. வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? போங்க" என்றாள்.

மூன்றாவது ஞாயிறு காசிமாயனிடம் போனை நீட்டினார். 'எவ்வளவு யோசித்தும் எனக்கு உங்கள் ஞாபகம் வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தப்பாகத் தெரிகிறது. மற்ற பத்து மூட்டையையும் நான் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.'

காசிமாயன் எழுத்துக் கூட்டுகிறவர் போல மெதுவாக, இரண்டு முறை படித்தார். "சரி பாய்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மோட்டார் போடப் போனார். அவ்வளவுதான்.

பக்கீர் நாகஜோதியிடம் தனியாக ஒரு பாத்தி கேட்டு வாங்கினார். கத்தரியை விதையிலிருந்து வளர்த்தார். தினமும் காலையில் வந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். ஒருநாள் காசிமாயன் தாமாகவே பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தக் கொழுந்து வாடிருக்கு பாருங்க. உள்ள புழு இருக்கு. கிள்ளி எடுத்துருங்க, இல்லாட்டி அடுத்த செடிக்குப் போயிரும்."

கிள்ளினார். நாற்பது நாள் கிள்ளினார். அப்படியும் நாலில் ஒரு காய் ஓட்டை. அதே செடியில், அந்தக் காயை உரசிக்கொண்டே மூன்று நல்ல காய்கள் தொங்கின. அந்தச் செடிக்கு முன்னால் பக்கீர் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். தன் வாழ்க்கையில் எத்தனை மூட்டைகளைப் பிரிக்காமலே கடந்து போயிருப்போம் என்று எண்ணிப் பார்க்க முயன்று, முடியாமல் எழுந்தார்.

மன்னித்துவிட்டதாகக் காசிமாயன் இன்றுவரை சொன்னதில்லை. பக்கீரும் கேட்டதில்லை. ஆனால் நோன்பு வந்ததும், யாரும் சொல்லாமலே, சாயந்தரத் தண்ணீரை முப்பது நாளும் காசிமாயன் ஒற்றை ஆளாக ஊற்றினார். பக்கீர் நோன்பு திறக்க நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தார். பெருநாளன்று ஜெயினம்பு கொடுத்த பிரியாணித் தூக்குடன் பக்கீர் அபார்ட்மென்ட் வாசலுக்குப் போனபோது, காசிமாயன் நாற்காலியை இழுத்துப் போட்டார். தான் நின்றுகொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வெண்டை ஊனணும் பாய். வெள்ளன வந்துருங்க."

பக்கீர் தலையாட்டினார்.